மலையைத் தின்ற மாடு

ஹாக்ஸ்லோ மலைக்கிராமத்தில் உப்புப் போடாமல் களிமண் பிசைகிற வழக்கம் கிடையாது. மேட்டூற்றுக்கு நன்றியாக வருஷா வருஷம் பலகையில் பூவிதழால் படம் ஒட்டிச் சார்த்துகிறார்களே, அந்தப் பலகையில் அப்புகிற மண். தொட்டியில் கொட்டி, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, ஆணும் பெண்ணுமாக இறங்கி மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்க ஒருவர் உப்பைத் தூவிக்கொண்டே வருவார். உப்பு இருந்தால் மண் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் மேட்டுக்காற்று ஒரே ராத்திரியில் வெடிக்க வைத்து, ஒட்டின பூவை எல்லாம் உதிர்த்துவிடும். இது ஊரில் பால் மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மாட்டுக்கு உப்பு என்றால் உயிர் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசித்தவர்கள்தான் அந்த வருஷம் வரைக்கும் ஒருவரும் இல்லை.

யோசிக்க வேண்டி வந்ததும் இல்லை. ஊற்றைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குக் கற்சுவர், அதற்கு ஒரு கதவு. பலகையைக் கொண்டுவந்து நிறுத்தின அன்று ஆமோஸ் ராக் நாற்காலி போட்டு விடிய விடியக் காவல் இருப்பார். அந்த வருஷமும் இருந்தார். வெளிச்சம் வந்ததும், இனி யார் வரப்போகிறார்கள் என்று ஒரு வாய் டீ குடிக்க வீட்டுக்குப் போனார். போகும்போது கதவைச் சாத்தினீர்களா என்று கேட்டால் இன்றைக்கும் சாத்தினேன் என்றுதான் சொல்வார். நம்புகிறவர்கள் நம்பலாம்.

திர்சா கிராட்டன் பால் கறக்க எழுந்து கொல்லைப்பக்கம் வந்தபோது மாடு டாம்சன் கட்டுத்தறியில் இல்லை. வேலிக்கதவு திறந்து கிடந்தது. அதற்கு ஒரு கொக்கி போடு என்று குளிர்காலத்திலிருந்து புருஷன் எல்லிஸிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் கொக்கிக்குப் பதில் கயிறு கட்டியிருந்தான். கயிறு அவிழ்ந்து புல்லில் கிடந்தது.

டாம்சன் நிறைசினை. இன்றைக்கோ நாளைக்கோ என்று மடி இறங்கி நிற்கிற மாடு. போன பனியில் கிராட்டன் வீட்டில் இரண்டு மாடு போய்விட்டது, ஒன்று சறுக்கி விழுந்து, இன்னொன்று மடிநோயில். மிஞ்சினது இவளும், பேருக்குப் பால் தருகிற ஒரு கிழட்டு மாடும். டாம்சன் நல்லபடியாகக் கன்று போட்டால் பண்ணையை இழுத்துப் பிடித்துவிடலாம், இல்லாவிட்டால் சுண்ணாம்புக் குவாரிக்குப் போகிறேன் என்று எல்லிஸ் சொல்லிவிட்டான். குவாரி என்ற சொல்லே திர்சாவுக்கு ஆகாது. அவள் அப்பா குவாரியில் உழைத்தவர். கடைசி வருஷங்களில் அவர் இருமித் துப்பின துணிகளைத் துவைத்தவள் இவள். வெள்ளைத் தூசியும் ரத்தமும் எப்படித் துவைத்தாலும் போகாது.

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சந்தில் ஓடினாள். பனிப்புல்லில் குளம்புத் தடம் நேராக ஊற்றுக்குப் போனது.

டாம்சன் பலகைக்கு முன்னால் படுத்திருந்தாள். மூஞ்சியெல்லாம் களிமண். வாயோரம் மஞ்சள் பூவிதழ் ஒன்று ஒட்டியிருந்தது. அந்த வருஷப் படம் நோவாவின் பேழை. மேலே வானமும் வெள்ளைப் பூவிதழால் ஒட்டின புறாவும் அப்படியே இருந்தன. பாசியால் வைத்த தாடியோடு நோவா இருந்தார். பேழை பாதி இருந்தது. ஒட்டகமும் சிங்கமும் இடுப்புக்குக் கீழே இல்லை. பேழை தட்டி நின்ற மலையில் ஒரு பச்சைக் கீற்று மிச்சம், மற்றது சுத்தமாக இல்லை. நாக்கு வழித்த தடம்தான் இருந்தது. நோவா அந்தரத்தில் நின்றுகொண்டு புறாவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

திர்சாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பாதிச் சிரிப்பில் நிறுத்தினாள். மலை என்றால் யூ மரத்து இலை.

கோயில் கல்லறைத் தோட்டத்துக்கு அவ்வளவு உயரச் சுவர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், செத்தவர்கள் வெளியே வந்துவிடாமல் இருக்க என்று ஊரில் கிண்டலாகச் சொல்வார்கள். உள்ளே நிற்கிற யூ மரத்தை மாடு எட்டிவிடாமல் இருக்கத்தான் சுவர். ஒரு கை இலை போதும், எருதே சாய்ந்துவிடும். பக்கத்து ஊரில் ஒரு கிடாரி வாயில் யூ கொத்தோடு செத்துக் கிடந்ததை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். அசைபோடக்கூட அதற்கு நேரம் இருக்கவில்லை. பலகையில் நிழல், இரவு, மலை என்று கறுத்த பச்சை எங்கே வந்தாலும் அது யூ இலை. யூ இலை வைப்பது பர்னிஸ் குடும்பத்து வேலை, வேறு யாரும் தொடமாட்டார்கள்.

எல்லிஸ் பின்னாலேயே ஓடி வந்தான். பலகையைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், ஒரு வார்த்தை பேசாமல் தபாலாபீஸ் டெலிபோனுக்கு ஓடினான். திரும்பி வரும்போது அவன் முகம் மாவுபோல வெளுத்திருந்தது. திர்சா டாம்சனின் தலையை மடியில் தாங்கி உட்கார்ந்திருந்தாள்.

"மாட்டு டாக்டர் கெடச்சாரா?"

"கெடச்சாரு. மெதுவாப் பேசு."

"என்ன சொன்னாரு?"

"எழுப்பக் கூடாது, நடத்தக் கூடாது, தண்ணி காட்டக் கூடாது. யூ வெஷம் நெஞ்சப் பிடிக்குமாம். மெரண்டுச்சுன்னா அப்படியே சாஞ்சிடும்ங்கறாரு. கெடக்குற எடத்துலயே சத்தமில்லாமக் கெடக்கட்டும், நான் வர்றேன்னாரு."

"எப்ப வருவாரு?"

"பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் யாரு வீட்டுலயோ குதிரைக்கு வயித்து வலியாம். அத முடிச்சிட்டுத்தான்."

"சத்தமில்லாமக் கெடக்கணுமா? இன்னைக்கா?"

எல்லிஸ் கோயில் மணிக்கூண்டைத் திரும்பிப் பார்த்தான். வருஷம் பூராவும் ஆள்காட்டிக் குருவி கத்துவதைத் தவிர வேறு சத்தம் இல்லாத ஊர் அது. வருஷத்தில் ஒரே ஒரு நாள் கோயில் மணி ஆறும் சேர்ந்து முழங்கும், கீழூர்ப் பித்தளை வாத்தியக் கோஷ்டி ஊதிக்கொண்டு வரும், போதகர் முன்னால் நடக்க ஊரே பாடிக்கொண்டு ஊற்றுக்கு ஏறும். அந்த நாள் இன்றைக்கு.

"கொக்கி போடச் சொன்னேன்ல," என்றாள் திர்சா.

"சொன்ன."

"எத்தன தடவ சொன்னேன்?"

"இப்ப அதுவா முக்கியம்?" அவன் அவள் பக்கத்தில் குந்தினான். மாட்டின் காதைத் தடவிக்கொண்டே, "திங்கக்கெழம குவாரி மேஸ்திரியப் பாத்துட்டு வர்றேன்," என்றான்.

"மாடு இன்னும் சாகல எல்லிஸ். அதுக்குள்ள எழவு வீட்டுப் பேச்சு பேசாத. போ. போயி மணியடிக்க வேணாம்னு சொல்லு. அப்புறம் வாத்தியக்காரங்கள ரோட்டுலயே மடக்கு."

அவன் போனான். அதற்குள் விஷயம் பரவிவிட்டது. வாடின பூவை மாற்றிச் செருகுவதற்காகக் கூடையோடு வந்த பெண்கள் சுவர் ஓரமாக நின்றுவிட்டார்கள். ஆமோஸ் ராக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கால் விரலால் நடந்து வந்தார். அவ்வளவு பெரிய உடம்பு கால் விரலில் நடப்பதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

"நான் கதவச் சாத்தினேன் திர்சா," என்று குசுகுசுத்தார்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"இல்ல, நீ கேக்குறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். கொண்டிய இழுத்து, தட்டிப் பாத்துட்டுத்தான் போனேன். இந்த மாடு கொண்டியத் தொறந்திருக்கு."

"மூக்காலயா?"

"சில மாடு தொறக்கும். எங்க தாத்தாகிட்ட ஒண்ணு இருந்துச்சு."

"ஆமோஸ், டீ நல்லா இருந்துச்சா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கேட்டார்கள். ஆமோஸ் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஊரே "ஷ்ஷ்" என்றது.

அன்றைக்கு ஹாக்ஸ்லோவில் சண்டைகூடக் குசுகுசுவென்றுதான் நடந்தது. கீழூர் வாத்தியக்காரர்கள் லாரியை ரோட்டிலேயே விட்டுவிட்டுக் கொம்புகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூனைபோல வந்து வரிசையாகப் புல்லில் உட்கார்ந்தார்கள். பெரிய முரசுக்காரர் தன் முரசின் மேல் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார், காற்றுப் பட்டு உறுமிவிடக் கூடாது என்று. அழுத குழந்தை ஒன்றை அதன் தாய் குன்றின் மறுபக்கத்துக்கே தூக்கிக்கொண்டு போனாள். போதகர் அங்கியோடு வந்து திர்சாவின் தோளைத் தொட்டு, "ஜெபம் பண்ணட்டுமாம்மா?" என்றார்.

"மனசுக்குள்ள பண்ணுங்க ஐயா," என்றாள் அவள்.

யாரோ அவளுக்கு ஓட்ஸ் அடை இரண்டைப் பன்றிக்கறி வைத்துச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சூடாக இருந்தது. பசிக்கவில்லை என்று நினைத்தாள், கடித்ததும் பசித்தது. தின்றுகொண்டே மாட்டின் வயிற்றைப் பார்த்தாள். வலப்பக்கம் உள்ளே கன்று ஒருமுறை புரண்டது. தோல் அலைபோல எழுந்து அடங்கியது. கையிலிருந்த மிச்ச அடையைப் புல்லில் வைத்தாள்.

டாம்சன் தலையை நீட்டி ஊற்றுத் தொட்டிப் பக்கம் பார்த்தாள். எச்சில் ஒழுகியது. கண் சொக்கிப்போய் இருந்தது. திர்சா தலையை மெதுவாகத் திருப்பி மடியிலேயே வைத்துக்கொண்டாள். "வேணாம்டி. டாக்டர் வரட்டும். கொஞ்சம் பொறுத்துக்கடி என் ராசாத்தி."

அப்போதுதான் கெசையா பர்னிஸ் வந்தாள். கறுப்பு உடுப்பு, கறுப்புத் தொப்பி, கையில் மூடின கூடை. கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. அறுபதைத் தாண்டின மெலிந்த உடம்பு, ஆனால் பூச் சார்த்தும் வாரத்தில் ஊரில் அவள் வைத்ததுதான் சட்டம். மண்ணில் முளைத்ததோ உயிர்மேல் வளர்ந்ததோ எதுவானாலும் பலகையில் வைக்கலாம். இதழ், இலை, விதை, பட்டை, பாசி, இறகு. கடையில் வாங்கினது கூடாது, சாயம் ஏற்றினது கூடாது. எல்லோருக்கும் தெரிந்த இந்த விதியை எல்லோரிடமும் தினமும் சொல்லக்கூடியவள் கெசையா ஒருத்திதான்.

போன வருஷம் திர்சாவின் முறைக்கு வானம் வந்தது. நீலப்பூ போதவில்லை. டவுனுக்குப் போன எல்லிஸிடம் சொல்லிக் கடையில் ஒரு கொத்து வாங்கி வரச் செய்து, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒட்டிவிட்டாள். கெசையாவுக்குத் தெரிந்தது. ஊரே பார்க்க, ஒவ்வொரு இதழாகக் கிள்ளி எடுத்து, திர்சாவின் உள்ளங்கையில் வைத்து, "இத உன் தொப்பியில குத்திக்க," என்றாள். அன்றையிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பிப்ரவரியில் கெசையாவின் புருஷன் ஜேபஸ் இறந்தபோதுகூட திர்சா கேக் சுட்டு எல்லிஸிடம் கொடுத்தனுப்பினாள், தான் போகவில்லை. அது உறுத்தலாகத்தான் இருந்தது. உறுத்தினாலும் போகவில்லை.

கெசையா பலகையைப் பார்த்தாள். மலை இருந்த இடத்தைப் பார்த்தாள். கூடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"எப்பத் தின்னுச்சு?" யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"வெளுக்கையில," என்றார் ஆமோஸ். "நான் கதவச்..."

"உன்ன யாரு கேட்டா?" கெசையா மாட்டின் பக்கம் ஓர் அடி வைத்தாள். பிறகு, கிட்டத்தட்ட ஒரு வருஷத்துக்குப் பிறகு, திர்சாவிடம் பேசினாள். "மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

திர்சா நிமிர்ந்து பார்த்தாள். "ஆகாதா?"

"ஆகாது."

"ஒங்க யூ எலை மொத்தமும் வயித்துக்குள்ள கெடக்கு பர்னிஸம்மா. எப்பவும் வெக்கறது போதாதுன்னு இந்த வருஷம் மலையப் பெருசா வேற வெச்சீங்க."

"ஒண்ணும் ஆகாதுங்கறேன்ல."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

கெசையாவின் கை கூடை மூடிக்குப் போய்த் திரும்பியது. சுற்றிலும் ஊர் நின்றது, சுவருக்கு உள்ளேயும் வெளியேயும். அவளிடம் திட்டு வாங்காத முகம் ஒன்றுகூட அதில் இல்லை. "தெரியும்," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"ஆறுதல் சொல்றாங்களாம்," என்று திர்சா பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டின் காதில் சொன்னாள்.

டாக்டர் பிம்மின் கார் வெயில் ஏறின பிறகுதான் வந்தது. அவரும் அதைக் கீழேயே நிறுத்திவிட்டுப் பையோடு ஏறி வந்தார். குதிரையோடு மல்லுக்கட்டின சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மண்டியிட்டு மாட்டின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார், கண் இமையை விலக்கிப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். திர்சா அவர் முகத்தையே பார்த்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"நெஞ்சு வேகமா அடிக்குது. ஆனா இந்நேரம் உசுரோட இருக்கறதே ஆச்சரியம். எவ்வளவு எலை இருந்துச்சு பலகையில? யாரு வெச்சது?"

எல்லோரும் கெசையாவைப் பார்த்தார்கள். கெசையா தன் காலணியைப் பார்த்தாள்.

"ரெண்டு கையா, மூணு கையா, சொல்லுங்கம்மா. அத வெச்சுத்தான் முடிவு பண்ணணும்."

கெசையா கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். டாக்டர் பெருமூச்சு விட்டு எல்லிஸ் பக்கம் திரும்பினார். "பலகையளவு பாத்தாக் கொஞ்சநஞ்சம் இல்ல. வெஷம் இன்னும் எறங்கலைன்னு வெச்சுக்குவோம். இப்பவே வயித்த அறுத்து எலைய அள்ளி வெளிய போட்டா, தாய் பொழைக்க வாய்ப்பு இருக்கு. பாதிக்குப் பாதி."

"கன்னு?" என்றாள் திர்சா.

"கன்னையும் எடுக்கற அளவுக்குத் தாய் நெஞ்சு தாங்காது, கன்னு நிக்காதும்மா. பொய் சொல்ல விரும்பல."

எல்லிஸ் திர்சாவைப் பார்த்தான். திர்சாவின் கை மாட்டின் வயிற்றில் இருந்தது. உள்ளே அது மறுபடியும் புரண்டது, கைக்குள்ளேயே வந்து முட்டினது மாதிரி.

"அறுங்க," என்றாள். தன் குரல் வேறு யாருடையதோபோல அவளுக்குக் கேட்டது. "தாயாவது நிக்கட்டும்."

ஒருவர் வெந்நீர் எடுக்க ஓடினார். டாக்டர் துணியை விரித்துக் கத்திகளை வரிசையாக வைத்தார். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விலாவுக்குப் பின்னால் மயிரை மழிக்க அவர் கையை வைத்ததுதான் தாமதம்.

"அறுக்காதீங்க!"

காலையிலிருந்து ஹாக்ஸ்லோவில் எழுந்த முதல் சத்தம் அது. மாடு காதை விறைத்தது. "ஷ்ஷ்!" என்றது ஊர் பதறிப்போய்.

"ஷ்ஷும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்!" கெசையா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். தொப்பி சரிந்திருந்தது. "எல்லாரும் சத்தமாவே பேசுங்க. அது யூ எலையே இல்ல."

டாக்டர் கத்தியோடு நிமிர்ந்தார். "அப்ப என்னது?"

"கம்பளி."

யாருக்கும் புரியவில்லை. கெசையா கூடையின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தூக்கிக் காட்டினாள். கறுத்த பச்சை நூல் உருண்டை, பாதிதான் மிச்சம் இருந்தது. "கத்தரியால பொடிசா வெட்டி, பாசியோட கலந்து மண்ணுல அழுத்தினேன். எப்பவும் என் பகுதியக் கடைசியா, தனியாத்தானே செய்வேன். யாரு கிட்ட வந்து பாக்கறீங்க? பாக்கத் தைரியம் இருக்கா ஒருத்தருக்காவது?"

அது உண்மைதான். ஒருவருக்கும் இருந்ததில்லை.

டாக்டர் மாட்டின் வாயைப் பிளந்து கடைவாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். பல்லிடுக்கிலிருந்து எதையோ பிடித்து இழுத்தார். ஒரு கொத்தாக வந்தது, களிமண் பூசின பச்சை நூல் துண்டுகள். எல்லோரும் பார்க்க அதைத் தூக்கிப் பிடித்தார். பிறகு விரித்த துணியில் கத்திகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி வைக்க ஆரம்பித்தார்.

திர்சா எழுந்தாள். மரத்துப்போன காலை உதறிக்கொண்டு கெசையாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"காலையிலேருந்து தெரியும்ல ஒங்களுக்கு," என்றாள். "நான் இங்க உக்காந்து செத்துக்கிட்டிருக்கேன். அந்தச் செவுத்தோரமா நின்னு பாத்துக்கிட்டுதான இருந்தீங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஒரு பூவுக்காக என்ன ஊரு முன்னாடி நிக்க வெச்சீங்க. நீங்க சாயக் கம்பளிய வெச்சிருக்கீங்க. அதுக்காக வாயத் தொறக்கல."

"ஆமா. அதுக்காகத்தான் தொறக்கல. வெக்கமா இருந்துச்சு." கெசையா தொப்பியைக் கழற்றினாள். "யூ வெட்டறதுக்குப் போனேன் திர்சா. கத்தரியோட மூணு தடவ போனேன். ஜேபஸ் அந்த மரத்தடியிலதான படுத்திருக்கான். இந்தக் கை அங்க ஒரு கொப்பக் கூட வெட்ட மாட்டேன்னுடுச்சு. உள்ள போகவே கால் வரல. எங்க வீட்டு வேலைய வேற யாருகிட்டக் குடுப்பேன்? கொக்கியில அவன் சட்ட தொங்குச்சு. நான் பின்னிக் குடுத்த பச்சக் கம்பளிச் சட்ட. அதப் பிரிச்சேன்."

திர்சாவுக்குக் கோபமும் இருந்தது, அதற்கு மேல் வேறொன்றும் வந்து சேர்ந்துகொண்டது. எதை முதலில் வெளியே விடுவது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தச் சமயம் பின்னால் பெரிய புரளல் சத்தம் கேட்டது. டாம்சன் பின்னங்காலை ஊன்றி, ஒரு குலுக்குக் குலுக்கி எழுந்து நின்றாள். நின்றவள் ஒருவரையும் லட்சியம் பண்ணாமல் நேராகத் தொட்டிக்கு நடந்து, மூக்கு முங்க வாயை வைத்து உறிஞ்ச ஆரம்பித்தாள்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். அவள் காலையிலிருந்து தாகத்தில்தான் சொக்கிப்போய்க் கிடந்திருக்கிறாள். பலகை மண்ணில் அள்ளிப் போட்ட உப்பு முழுக்க வயிற்றில். தண்ணீருக்குத் தலையை நீட்டினபோதெல்லாம் வேண்டாமடி என்று திருப்பினது வேறு யார்? தொட்டி மட்டம் இறங்கிக்கொண்டே போனது. ஊற்று நிரப்ப நிரப்ப அவள் குடித்தாள்.

முதலில் சிரித்தது முரசுக்காரர். அப்புறம் ஊரே சிரித்தது. திர்சா டாம்சனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எல்லோர் எதிரிலும், வாய்விட்டு அழுதாள். எல்லிஸ் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, "கொக்கி போடறேன், இன்னைக்கே போடறேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

"அது சரி," என்றார் ஆமோஸ், சத்தம் போட அனுமதி கிடைத்த தெம்பில். "கம்பளி விதிக்கு ஒத்து வருமா? மேல கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கே. பச்ச நெறத்துல ஆடு மேயிறத நான் பாத்ததில்ல."

கெசையா தானே பலகைக்குப் போனாள். பேழையின் அடியில் மிச்சம் இருந்த பச்சைக் கீற்றைப் பிடுங்க விரலை நீட்டினாள்.

"அத விடுங்க," என்றாள் திர்சா. முகத்தைப் பாவாடை ஓரத்தில் துடைத்துக்கொண்டு வந்தாள். "நோவா நிக்க எடம் வேணாமா? மத்ததுக்குப் பாசி வெச்சு ரொப்புவோம். எல்லாரும் கை குடுங்க. ஆமோஸ், நீங்க கதவச் சாத்துங்க."

அரை மணிக்குள் மலை மறுபடியும் முளைத்தது. கெசையா கட்டின மலையளவு இல்லை, மேடு என்று சொல்லலாம். சிங்கத்துக்குப் பின்னங்கால் வைக்க நேரமில்லை, அது பேழைக்குள் பாதி நுழைந்துவிட்டதாக வைத்துக்கொண்டார்கள். கோயில் மணி ஆறும் முழங்கின. அடக்கி வைத்த மூச்சை எல்லாம் சேர்த்து வாத்தியக்காரர்கள் ஊதினார்கள். போதகர் தண்ணீருக்கு நன்றி சொன்னார், மாட்டுக்கும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். டாம்சன் வாத்தியத்தைக் கேட்டு மிரளவே இல்லை. வயிறு ததும்பத் ததும்ப எல்லிஸோடு வீட்டுக்கு நடந்தாள்.

ஊர்வலம் கோயிலில் போய் முடிந்தது. உள்ளே டீயும் பன்றித்தொடைக் கறி வைத்த ரொட்டியும் போட்டிருந்தார்கள். கல்லறைத் தோட்ட வாசலில் கெசையா பின்தங்கினாள். பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவள் வடக்கு வாசலைச் சுற்றித்தான் கோயிலுக்குள் போகிறாள் என்பது திர்சாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அடுத்த பெஞ்சில் பின்னால் உட்கார்ந்துகொண்டு இத்தனை நாள் அதைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

"வாங்க," என்று அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"நான் அந்தப் பக்கமா வர்றேன். நீ போ."

"சாவுக்கு வராதவ நான். இன்னைக்காவது வர்றேன். ஒங்களோட வந்தாத்தான் வர முடியும். வாங்க பர்னிஸம்மா."

கெசையா அவளைப் பார்த்தாள். பிறகு கெசையா கூடையைத் திர்சாவிடம் கொடுத்துவிட்டு, ஈரப்புல்லில் முன்னால் நடந்தாள்.

யூ மரத்தடி இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. ஜேபஸின் மேட்டில் புல் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. உதிர்ந்த சுள்ளியைக் கெசையா குனிந்து பொறுக்கினாள், மண்ணைத் தட்டிச் சமன் பண்ணினாள், வீட்டில் படுக்கையைத் தட்டுகிறவள்போல. திர்சா தள்ளி நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தாள். தாங்கிப் பிடிக்கக் கூடையைக் கீழே வைத்தாள்.

"ஜேபஸ்," என்றாள் கெசையா. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஒன் பச்சச் சட்டைய மாடு தின்னுடுச்சு."

சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டதுபோல இருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, குலுங்கிக் குலுங்கி, பொத்தின விரல் வழியாகச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கண்ணீரும் வந்தது. அதைத் துடைக்காமலே சிரித்தாள்.

"மாடு நல்லா இருக்கு," என்றாள் மூச்சு வாங்க. "நீ ஒண்ணும் கவலப்படாத. மாடு நல்லா இருக்கு."